மூக்கடைப்புக்கு லாக் ஃபைல் உண்டா?

போன மாசம் ஒரு காது-மூக்கு-தொண்டை டாக்டரைப் பார்க்கப் போனேன். "அடைப்பு பத்துக்கு எவ்வளவு இருக்கும்?"னு கேட்டார். "ஏழு"ன்னேன். ஆபரேஷன் வரைக்கும் பேச்சு போச்சு. வெளிய வந்ததும்தான் உறைச்சது: அந்த ஏழு நான் குத்துமதிப்பா சொன்ன நம்பர். ஆபீஸ்ல யாராவது "சர்வர் ஸ்லோ"ன்னா, "லாக் காட்டுங்க"ன்னு கேட்கிற ஆள் நான். மூக்குக்கு லாக் கிடையாதா?

இருக்கு. நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட கதை அது.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், நெதர்லாந்து மருத்துவர் ஸ்வார்டமாக்கர் குளிர்ந்த கண்ணாடி ஒன்றை மூக்குக்குக் கீழே பிடித்தார். மூச்சு பட்டு இரண்டு ஆவித் திட்டுகள் படிந்தன. எந்தத் திட்டு சிறியதோ, அந்தப் பக்கம் அடைப்பு. சிம்பிள்! ஆனா, அது வெளியே விடுற மூச்சை மட்டும்தான் காட்டும்.

1895-ல் ஜெர்மனியின் கைசர் இன்னொரு சிக்கலைச் சொன்னார். ஆரோக்கியமான மூக்கிலும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் வீங்கும், மறுபக்கம் திறக்கும். ஒரு பக்கத்தை ஒரே தடவை அளந்தா ஏமாந்துடுவோம்.

அப்புறம் வந்தது ரைனோமேனோமெட்ரி. மூக்கின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் காற்றோட்டத்தால் வகுத்தால், தடை எவ்வளவுன்னு தெரியும். நம்ம ஓம் விதி மாதிரிதான். ஆனா மூக்குக்குள்ள காற்று சுழன்று போறதால, அழுத்தம் மாறினா தடையும் மாறும். அதனால 1984-ல் சர்வதேசக் குழு ஒன்று, 150 பாஸ்கல் அழுத்தத்தில் அளக்கலாம் என்று பரிந்துரைத்தது. 1989-ல் ஹில்பெர்க் குழுவினர் மூக்குக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து உள்ளே எங்கே குறுகலா இருக்குன்னு கணக்கிட்டார்கள்.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. 1983-லேயே கார்டிஃபில் ரான் எக்கிள்ஸ் குழு ஆட்களை மென்தால் முகர வைத்தது. பலரும் "மூக்கு திறந்துடுச்சு"ன்னாங்க. கருவியில் தடை குறையவே இல்லை! காரணம், மென்தால் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுது. காற்று தாராளமா போகுதுன்னு மூளை நம்பிடுது.

அதாவது, கருவி அளக்கறது வழியை. நாம சொல்றது உணர்வை. ரீடிங் நார்மல்னா நோயாளி பொய் சொல்றார்னு அர்த்தமில்லை. "ஏழு"ன்னு சொன்னதும் கத்தியை எடுக்கணும்னும் இல்லை. வழியே அகலமா இருந்தா, அதை இன்னும் அகலப்படுத்தி என்ன பயன்?

அடுத்த தடவையும் நான் "ஏழு"ன்னுதான் சொல்வேன். கூடவே, "கருவி என்ன சொல்லுது டாக்டர்?"னும் கேட்பேன்.