வந்தவாசி வட்டாரத்தின் சமகால இலக்கியம்

உத்திரமேரூருக்குத் தென்மேற்கே, திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள வந்தவாசியைச் சுற்றி எழுந்த சமகாலக் கதையும் கவிதையும். வயலும் தறியும் கலந்த இந்த வட்டாரத்தின் முதன்மைக் குரல் அ. வெண்ணிலா.

கவிஞராக அறிமுகமான அவருடைய ‘நீரில் அலையும் முகம்’, ‘ஆதியில் சொற்கள் இருந்தன’ ஆகிய தொகுப்புகள் பெண்ணின் வீட்டையும் உடலையும் உறவுகளையும் கூச்சமின்றிப் பேசின. பின்பு நாவலுக்கு வந்தார். ‘கங்காபுரம்’ முதலாம் இராசேந்திர சோழனின் அகவாழ்வைத் தேடுகிறது. ‘சாலாம்புரி’யோ நெசவாளர் குடும்பங்களின் உழைப்பையும் அங்கே வேரூன்றிய திராவிட இயக்க அரசியலையும் சொல்கிறது. அரண்மனையைவிடத் தறிமேடையில்தான் இந்த மண்ணின் வாசனை அடர்த்தி.

இந்த வட்டாரத்தின் இன்னொரு குரலான மு. முருகேஷ் ஹைக்கூவைத் தமிழில் பரப்பியவர்களுள் ஒருவர். சிறார் கதைகளுக்காக 2021-இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றார்.

இதே வட்டாரத்தின் அம்மையப்பட்டிலிருந்து இயங்கும் அகநி வெளியீடு, சிற்றூரிலிருந்தே நூல்களைக் கொண்டுவருகிறது.

உழைப்பாளர் வாழ்வைச் சொல்லும் எழுத்து உலகக் கவனம் பெற்றதுண்டு: கிளாஸ்கோ உழைப்பாளரின் பேச்சிலேயே எழுதிய ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் கெல்மனின் நாவல் 1994-இல் புக்கர் பரிசு வென்றது. நெசவாளர் வாழ்வை நாவலாக்கும் ‘சாலாம்புரி’யும் அத்தகைய கவனத்துக்கு முழுத் தகுதி உடையது.