வாய்வழியும் சிரைவழியும்: காலரா மருத்துவ வரலாற்றில் ஒரு திருப்பம்

முன்னுரை

மருந்து உடலினுள் செல்லும் வழிகள் பல. வாய், நாவின் அடிப்பகுதி, தோல், தசை, சிரை, மூச்சு, ஆசனவாய் என அவை விரியும். எவ்வழியைத் தேர்வது என்பதை மருந்தின் இயல்பும் நோயாளியின் நிலையும் முடிவு செய்கின்றன. மருந்தைக் கொடுக்கும் கை யாருடையது என்பதும் அத்தேர்வில் பங்கு பெறுகிறது. வங்காளத்துக் காலரா மருத்துவ வரலாற்றைக் கொண்டு இதனை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிரைவழியின் ஏற்றம்

காலராவில் உயிரைப் பறிப்பது நீரிழப்பேயாகும். 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகர மருத்துவர் தாமஸ் லாட்டா, உப்புநீரைச் சிரையினுள் செலுத்திச் சாகும் நிலையிலிருந்த சிலரைப் பிழைக்கச் செய்தார். நுண்ணுயிர் பற்றிய அறிவு வளராத அக்காலத்தில் இம்முறை நிலைபெறவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியோனார்டு ராஜர்ஸ், செறிவு மிக்க உப்புநீரைச் சிரைவழிச் செலுத்தி இறப்பைக் குறைத்தார். மக்கள் வழக்கில் ‘குளுக்கோஸ் ஏற்றுதல்’ எனப்படும் சிரைவழி மருத்துவம் இவ்வாறு முதன்மை பெற்றது. ஆயினும் இதற்குத் தூய்மையாக்கப்பட்ட நீர்மம், ஊசி, குழாய், பயிற்சி பெற்றோர் ஆகிய அனைத்தும் வேண்டும். காலராவோ இவை அரிதாகக் கிடைக்கும் இடங்களிலேயே மிகுதியும் பரவியது.

வாய்வழியின் அடிப்படை

கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, கடுமை குறைந்த காலரா நோயாளிகள் 186 பேருக்கு வாய்வழியே நீர்மம் அளித்த பட்டறிவை 1953இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். ஒப்பீட்டுச் சோதனை இன்மையால் அது பரவலான ஏற்பைப் பெறவில்லை. 1960இல் ராபர்ட் கிரேன், சிறுகுடலில் குளுக்கோசும் சோடியமும் இணைந்தே உட்கவரப்படுகின்றன என்ற கருத்தை முன்வைத்தார். காலராவிலும் இவ்வாற்றல் அழிவதில்லை. எனவே சர்க்கரையோடு உப்பும், அவற்றைத் தொடர்ந்து நீரும் உடலுள் சேர்கின்றன. 1968இல் டேவிட் நாலின், ரிச்சர்டு கேஷ் முதலியோர் டாக்காவில் நடத்திய ஆய்வு, வாய்வழிக் கரைசலால் சிரைவழி நீர்மத்தின் தேவை பெரிதும் குறைவதை மெய்ப்பித்தது.

பங்கான் முகாம்

1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லை கடந்து வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் பங்கானில் பணியாற்றிய திலீப் மகலனோபிஸ், சிரைவழி நீர்மம் தீரும் நிலையை எதிர்கொண்டார். ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 22 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், சோடா உப்பு 2.5 கிராம் என்ற அளவில் கரைசல் ஆக்கப்பட்டது. நோயாளியின் உறவினரே அதனை முகந்து புகட்டினர். முன்னர் ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு, 3.6 விழுக்காடாகக் குறைந்தது. இதனை விளக்கும் கட்டுரை 1973இல் வெளிவந்தது.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. கரைசலின் அறிவியல் 1968க்குள் அறியப்பட்டுவிட்டது. அதனை மருத்துவமனைக்கு வெளியே, பயிற்சியற்றோர் கையில் ஒப்படைக்கலாம் என்ற துணிவே பங்கானின் கொடையாகும்.

முடிவுரை

அதிர்ச்சி நிலையிலும் நினைவிழந்த நிலையிலும் உள்ளோருக்குச் சிரைவழி இன்றியமையாதது. பங்கானிலும் கடுமையான நோயாளிகளுக்கு அதுவே அளிக்கப்பட்டது. ஆகவே ஒன்று மற்றொன்றை வென்றது எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஊசியே உயர்ந்த மருத்துவம், குடிநீர் தாழ்ந்தது என்னும் தரவரிசையே உடைந்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 2002இல் கரைசலின் செறிவைக் குறைத்துத் திருத்தியது. 2022இல் மறைந்த மகலனோபிசுக்கு 2023இல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. சிரைவழியில் மருத்துவரை எதிர்நோக்கிக் காத்திருந்த தாய், வாய்வழியில் தானே மருந்தூட்டுபவளாகிறாள். மருந்தின் வழி மாறியபோது மருத்துவத்தின் உரிமையும் இடம் மாறியது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.