கித்துல்கலைப் பாலமும் மேனாட்டு வீணையும்



கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலையில் களனி கங்கையின் மீது கட்டப்பெற்ற மரப்பாலம் ஒன்று, திரைப்படத்துக்காகவே எழுந்து, 1957 இல் திரைப்படத்துக்காகவே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. டேவிட் லீன் இயக்கிய குவாய் நதிப் பாலமே அப்படம். கதை நிகழ்வதோ சயாமிய மரண இரயிற்பாதையில். மலாயாத் தோட்டங்களிலிருந்து அங்கு கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் 1942, 1943 ஆம் ஆண்டுகளில் மடிந்தனர். அவர்தம் துயரம் அப்படத்தில் இடம்பெறவில்லை என்பதைத் தோட்ட மக்கள் வாழும் இச்சப்பிரகமுவ மண்ணிலே நினையாதிருத்தல் அரிது.

யான் இன்று பேச வந்தது அப்படத்தின் இசையைத் தொட்டது. இசையமைத்த மால்கம் ஆர்னல்ட் அதற்காக ஒஸ்கார் பரிசு பெற்றார். அவரே 1959 இல் ஜூலியன் பிரீம் என்னும் இளைஞருக்கெனக் கித்தாரும் வாத்தியக் குழுவும் சேர்ந்திசைக்கும் நீண்ட உருப்படியொன்றை இயற்றினார். பிரீம் (1933–2020) கித்தார் வல்லவர். அதனோடு, மறைந்து கிடந்த 'லூட்' என்னும் கருவியை மீட்டெடுத்தவருள் முதன்மையானவர்.

லூட் அராபியரின் 'ஊத்' வழி வந்தது. பேரிக்காயைப் பிளந்தாற்போன்ற குடம். இரட்டை இரட்டையாய் நரம்புகள். கழுத்தைச் சுற்றிக் கட்டிய நரம்பே மெட்டு. ஒரே தந்தியில் பல சுரங்கள் பிறப்பதால் இது நம் வீணைக்கு உறவு. சுரத்துக்கொரு நரம்பு கொண்ட யாழுக்கு அன்று.

யாழை ஆராய்ந்த விபுலானந்த அடிகளின் யாழ் நூல் 1947 ஜூனில் அரங்கேறியபோது, அவர் கணித்தபடி செய்த யாழ்கள் மீட்டப்பட்டன. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். கருவியைக் கணக்கிட்டு மீட்கலாம். பாணர் மீட்டிய உருப்படி ஒன்றேனும் சுரக்குறிப்போடு நமக்குக் கிட்டவில்லையே! லூட்டும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குள் வழக்கொழிந்ததுதான். ஆயினும் அதன் பாடல்கள் அச்சில் இருந்தன. ஜான் டவுலண்டின் முதற் பாடற்றொகுதி 1597 இல் வெளிவந்தது.

அதிலுள்ள துயில் வேண்டும் பாடல் ஒன்றை அடியாகக் கொண்டு பெஞ்சமின் பிரிட்டன் 1963 இல் பிரீமுக்காக 'நாக்டர்னல்' என்னும் உருப்படியை இயற்றினார். அதுவும் கித்தாருக்கே. லூட்டின் ஒலி மெல்லியது; பெரிய மண்டபத்தில் எட்டாது. விரற்சதையால் மீட்டுவதே அதன் பழைய முறை. பிரீம் லூட்டையும் நகத்தால் மீட்டினார். மரபு பேணுவோர் குறைகூறினர். எனக்கு அக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. அவர் மீட்டியிராவிடில் பலர் அக்கருவியைக் கேட்டே இருக்கமாட்டார்.

நாக்டர்னலைக் கேட்பது எப்படி? மேனாட்டு வழக்கில் பாட்டு முதலில் வரும். அதன் மாறுபாடுகள் பின்தொடரும். இங்கோ முறை தலைகீழ். இராக ஆலாபனைக்குப் பின் கீர்த்தனம் வருவதுபோல, எட்டுப் பகுதிகள் அமைதியின்றி உழன்ற பின்பே பாட்டு வருகிறது. ஆதலால் டவுலண்டின் பாடலை முன்னரே இருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். எட்டாம் பகுதியில் கீழ்நோக்கி இறங்கும் சிறு சுரக்கோவையொன்று விடாது திரும்பத் திரும்ப ஒலிக்கும். அது அடங்கும் இடத்தில் செவியைக் கூர்மையாக்குங்கள். பழைய பாட்டு அங்கேதான் மெல்லத் தொடங்குகிறது.