இரைப்பைக்கு இட்ட வளையம்



சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் கனடாவிலிருந்து விடுமுறைக்காக உப்புவெளிக்கு வந்திருந்தார். எங்கள் இல்லத்திலே இராப்போசனம். புட்டும் மீன்குழம்பும் படைத்தோம். ஐந்தாறு கவளம் உண்டதும் அவர் கையை எடுத்துவிட்டார். சமையலிலே குறை போலும் என்று வீட்டிலுள்ளோர்க்கு மனவருத்தம். அன்றிரவு முழுவதும் அவருக்கு வாந்தி. விடிந்தபின் ஒரு மிடறு தண்ணீரும் இறங்கவில்லை. அப்போதுதான், தம் இரைப்பையைச் சுற்றி ஒரு சிலிக்கோன் வளையம் பூட்டப்பட்டிருக்கும் செய்தியை அவர் கூச்சத்தோடு வெளியிட்டார். அப்படியொரு பொருள் உலகில் உண்டென்பதையே நான் அதுவரை அறியேன். வரலாறு கற்பிப்பவனுக்கு எதைக் கண்டாலும் அதன் பூர்வீகத்தை விசாரிக்கத் தோன்றும். அந்த விசாரணையின் பயனே இன்றைய பேச்சு.

மிதமிஞ்சிய உடற்பருமனைச் சத்திர சிகிச்சையால் தணிக்கலாம் என்னும் எண்ணம் 1954ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மினசோட்டாவிலே உருப்பெற்றது. கிரெமென் முதலிய வைத்தியர்கள் சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, உணவு குறுக்குவழியாகச் செல்லும்படி இணைத்தனர். எடை குறைந்தது மெய்யே. ஆனால் ஓயாத வயிற்றோட்டமும், ஈரல் கேடும், சத்துக்குறைவும் பின்தொடர்ந்தன. அம்முறை நாளடைவில் கைவிடப்பட்டது. 1966இல் அயோவாப் பல்கலைக்கழகத்தின் மேசன், இட்டோ என்னும் இருவர் இரைப்பையையே பிரித்துக் குடலோடு இணைக்கும் முறையைத் தொடங்கினர். அதன் வழிவந்த சிகிச்சை இன்றும் நிலைத்திருக்கிறது. எனினும் அது வெட்டும் தையலும் மிகுந்த பெருங்காரியம்.

வெட்டாமலே இரைப்பையைச் சுருக்க முடியாதா? 1978இல் வில்கின்சன் என்பவர் செயற்கை இழை வலையொன்றை இரைப்பையின் மேற்பகுதியிற் சுற்றிப் பார்த்தார். ஆனால் சுற்றியது சுற்றியதே. இறுக்கம் மிகுந்தால் நோயாளி வாந்தியால் வாடுவார், குறைந்தால் பயனில்லை. நம் வேட்டியை வேண்டியபோது தளர்த்திக் கட்டுகிறோமே, அந்த வசதி இரைப்பைக்குக் கிட்டவில்லை.

அந்த வசதியை அளித்தவர்கள் ஒரே காலத்தில், ஆனால் வெவ்வேறு நாடுகளில் உழைத்தவர்கள். சுவீடனில் ஹால்பெர்க், போர்செல் என்போர் 1985இலும், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் லுபொமிர் குஸ்மாக் 1986இலும், உட்புறத்தில் ஊதக்கூடிய பலூன் அமைந்த வளையங்களை மனிதர்க்குப் பொருத்தினர். குஸ்மாக் உக்ரேனிய வம்சத்தவர். போலந்து நாட்டில் மருத்துவம் கற்று அமெரிக்காவிற் குடியேறியவர்.

இவ்வளையத்தின் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்துக்குச் சற்றுக் கீழே வளையம் பூட்டப்படுகிறது. அதற்கு மேலே ஒரு சிறு பை எஞ்சும். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 15 முதல் 25 மில்லிலீற்றர் வரை, அதாவது ஓரிரு மேசைக்கரண்டி. வளையத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் புறப்பட்டு, வயிற்றுத் தோலுக்கடியில் வைக்கப்பட்ட சிறு வாயிலொன்றிலே முடிகிறது. வைத்தியர் தோலின்மேலிருந்து நுண்ணிய ஊசியால் அவ்வாயிலைக் குத்தி உப்புநீரைச் செலுத்தினால் வளையம் இறுகும். உறிஞ்சி எடுத்தால் தளரும். ஒரு லீற்றர் நீரில் 9 கிராம் உப்புக் கலந்த, உடலுக்கு ஒத்த உப்புநீர் அது. நம்மூர்க் கடல்நீரிலே 35 கிராம் வரை இருக்கும். ஊரின் பெயரிலேயே உப்பைச் சுமக்கும் எங்களுக்கு இந்தச் செய்தி வேடிக்கையாக இருந்தது.

வளையம் உணவுக்குக் கதவடைப்பதில்லை. சரியான இறுக்கத்தில், சிறிதளவு உணவிலேயே பசி தணிந்த உணர்வை அது தருகிறது. நன்றாக மென்று, ஆறுதலாக உண்ணவேண்டும். அவசரப்பட்டு விழுங்கிய புட்டும் பாணும் அங்கே சிக்கிக்கொள்ளும். இனிப்புப் பானங்களோ தடையின்றி வழுகிச் செல்லும்; அவற்றை நாடியவர்களுக்கு வளையம் உதவவில்லை.

1993 செப்டெம்பர் 1ஆம் நாள் பெல்ஜியத்தின் ஊயி நகரில் மிட்டிக்கு பெலாச்சு என்னும் வைத்தியர், வயிற்றைத் திறவாமல், சிறு துவாரங்களின் வழியே கருவிகளைச் செலுத்தி இவ்வளையத்தை மனிதருக்குப் பொருத்தினார். எத்தியோப்பியாவிலே மந்தை மேய்த்த சிறுவராக இருந்து ஐரோப்பாவில் சத்திர வைத்தியரானவர் அவர். குஸ்மாக்கும் பெலாச்சும் பிறந்த மண்ணைவிட்டுப் போன இடத்தில் பெயர் நாட்டியவர்கள் என்பதை நம்மவர் கவனிப்பர்.

அதன்பின் வளையம் உலகெங்கும் பரவியது. 2001இல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிருவாகம் அனுமதி வழங்கியது. 2008இல் அவுஸ்திரேலியாவில் வெளிவந்த ஆய்வொன்று, அண்மையில் நீரிழிவு கண்ட பருமனான 60 பேரை இரு பிரிவாக்கிப் பார்த்தது. ஈராண்டின் பின், வளையம் பூண்டோரில் 73 வீதத்தினர்க்கும், வழமையான சிகிச்சை பெற்றோரில் 13 வீதத்தினர்க்கும் நோய் அடங்கியிருந்தது. 2011இல் அமெரிக்காவில் நிகழ்ந்த பருமன் சத்திர சிகிச்சைகளிலே வளையத்தின் பங்கு 35 வீதத்துக்குமேல்.

ஏற்றம் அத்தோடு நின்றது. அதே 2011இல் பிரசெல்சு வைத்தியர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டனர். 1994 முதல் 1997 வரை வளையம் பூட்டப்பெற்றவர்களிலே, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் 82 பேரின் நிலையை அவர்கள் அறிந்துகொண்டனர். நூற்றுக்கு 28 பேரளவில் வளையம் இரைப்பைச் சுவரை அரித்து உட்புகுந்திருந்தது; ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அதை அகற்றவேண்டியதாயிற்று. வேறிடங்களிலும் வளையம் நழுவுதல், பை விரிதல், குழாய் கசிதல் ஆகிய முறைப்பாடுகள் பெருகின. 2018இல் அமெரிக்காவிலே அதன் பங்கு ஒரு வீதமளவுக்குச் சுருங்கிவிட்டது. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியகற்றி நீண்ட குழல்போல் ஆக்கும் முறை அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. வெட்டாமற் செய்வதே மேல் என்று தொடங்கிய கதை, மீளமுடியாத வெட்டிலே வந்து நின்றமை விசித்திரமே.

வளையம் ஏமாற்றுவித்தை என்று நான் கருதவில்லை. பூட்டியபின் ஆண்டுதோறும் வைத்தியரைக் கண்டு இறுக்கம் சரிபார்க்கவேண்டிய கருவி அது. ஒருமுறை பூட்டினால் போதும் என்று விற்கப்பட்டதே பிழை. பூட்டிய வைத்தியர் ஒரு கண்டத்திலும் பூண்டவர் வேறொரு கண்டத்திலும் இருந்தால் என்னாகும் என்று அன்று எவரும் எண்ணவில்லை போலும்.

இது நமக்கு அந்நியமான நோயன்று. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடந்த ஆய்வு, ஆசிய அளவுகோலின்படி வளர்ந்தோரில் 25 வீதத்தினர் மிகையெடையினர், 9 வீதத்தினர் பருமனானோர் என்று கண்டது. எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீற்றரிலும் கணித்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணே இதற்கு அளவு. ஐரோப்பியருக்கு 30இல் தொடங்கும் பருமன், ஆசியருக்கு 27.5இலேயே தொடங்குவதாக அவ்வளவுகோல் கொள்கிறது.

என் மாணவரின் கதையை இடையில் விட்டுவிட்டேன். வைத்தியசாலையிலே பணியிலிருந்த இளம் வைத்தியை வளையத்தைப் பற்றிப் படித்திருந்தார், கண்டதில்லை. கொழும்பிலுள்ள மூத்த சத்திர வைத்தியர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் சொல்லச் சொல்லத் தோலுக்கடியிலுள்ள வாயிலைத் தடவிக் கண்டு ஊசியைச் செலுத்தினார். நாலு மில்லிலீற்றர் அளவு தெளிந்த நீர் வெளிவந்தது. சிறிது நேரத்தில் மாணவர் ஒரு கோப்பைத் தண்ணீரை முழுவதும் குடித்தார். வளையம் எவ்வகையினது, அதில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று அவ்வைத்தியை கேட்ட கேள்விக்கு மட்டும் அவரிடம் விடையில்லை. அதைக் குறித்த அட்டை தொரொன்ரோவில் வீட்டு இலாச்சியில் இருந்தது.