சந்தேகம் போதும்

பக்கத்து ஃப்ளாட்ல ஒரு குழந்தை அடிக்கடி அலறும். 'நமக்கு உறுதியா தெரியாதே'ன்னு நான் பேசாம இருந்துட்டேன். அமெரிக்க டாக்டர்களும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தாங்க.

1946-ல ஜான் காஃபி என்ற மருத்துவர், தலைக்குள் ரத்தம் கட்டியிருந்த ஆறு குழந்தைகளின் எக்ஸ்ரேக்களைப் பற்றி எழுதினார். ஆறு பேருக்குமே கை, கால் எலும்புகள் உடைஞ்சிருந்தன. எப்படி உடைஞ்சதுன்னு வீட்டில் விளக்கமே வரல. பெற்றோரே அடிச்சிருப்பாங்கன்னு நம்பப் பல டாக்டர்களுக்கு மனசு வரல.

1962-ல டென்வர்ல ஹென்றி கெம்பும் சக மருத்துவர்களும் இதை வெளிப்படையாகவே எழுதினாங்க. அடுத்த ஐந்தே வருஷத்துல, 1967-க்குள், கிட்டத்தட்ட எல்லா மாநிலங்களும் புகார் சட்டம் கொண்டு வந்தன. முதல்ல டாக்டர்களுக்கு, பிறகு ஆசிரியர்கள், சமூகப் பணியாளர்களுக்கும்.

அந்தச் சட்டங்கள் ஆதாரம் கேட்கல. நியாயமான சந்தேகம் இருந்தாலே தகவல் சொல்லணும். நல்லெண்ணத்தோட சொன்னவர் மேல, அது தப்பாப் போனாலும், வழக்குப் போட முடியாதபடி பாதுகாப்பும் தந்தன. ஆனா விசாரிக்கப் போதுமான ஆளும் பணமும் பல இடங்கள்ல இல்லை. அந்தக் குறை இன்னும் தீரல.

இருந்தாலும் ஒண்ணு புரிஞ்சது. உறுதி செய்வது விசாரிக்கிறவங்க வேலை. சொல்ல வேண்டியது மட்டும்தான் என் வேலை. அதை நான் செய்யல.