காகித எந்திர மனிதனும் கங்காணித் துண்டும்

ரோபோ என்றதும் தமிழருக்கு நினைவுக்கு வருவது சுஜாதாவின் ஜீனோ. அதற்குப் பிறகு, 2010இல் திரைக்கு வந்த 'எந்திரன்'. ஆனால் ரோபோ என்ற சொல்லுக்கும் இரும்புக்கும் ஆரம்பத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தச் சொல் பிறந்த கதையைச் சொன்னால், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியே முதுகு வளைந்த பாட்டிக்கு, கணினி படித்த பேரனைவிட முந்திப் புரிந்துவிடும்.

செக் மொழியில் 'ரொபோத்தா' என்றால், குடியானவன் பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு. நம் ஊரில் வெட்டி வேலை என்பார்களே, அதுதான். வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் வாங்கக் கூடாது என்று 1775இல் ஆணை போட்டார் ஆஸ்திரியாவின் ஆட்சியாளர் மரியா தெரேசா. அடியோடு ஒழிந்தது 1848இல்தான். அந்தக் கசப்பான சொல்லைத்தான் கரேல் சாப்பெக்கின் நாடகத்துக்கு எடுத்துக் கொடுத்தார் அவருடைய அண்ணன், ஓவியர் யோசெப். 'ஆர்.யு.ஆர்.' என்ற அந்த நாடகம் 1921 ஜனவரியில் பிராகா நகரின் தேசிய அரங்கில் மேடையேறியது. அதில் வரும் ரோபோக்கள் இரும்பு மனிதர்கள் அல்லர். வேலை வாங்குவதற்கென்றே தொழிற்சாலையில் உயிர்ப்பொருளைக் கொண்டு செய்யப்பட்டவர்கள்.

அதே 1921இல்தான் இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' முறை சட்டம் போட்டு ஒழிக்கப்பட்டது. இன்ன தொகை கடனைக் கட்டினால் இந்தக் கூட்டத்தை விடுவிக்கிறேன் என்று துரை கங்காணிக்கு எழுதிக் கொடுக்கும் காகிதமே துண்டு. அடுத்த தோட்டத்துத் துரை அந்தக் கடனைத் தீர்த்து ஆட்களை எடுத்துக்கொள்வார். ஆனால் கடன் தீராது. தொழிலாளியின் தலையோடு அதுவும் கூடவே போகும். ஆங்கிலேயரும் தங்கள் பதிவேடுகளில் 'துண்டு' என்றே எழுதிவைத்தார்கள். ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்களில் பெருமைப்பட முடியாத ஒன்று இது!

மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி வழியாக ஆள் வருவது அதற்குப் பிறகும் நடந்தது. உதவி பெற்று வரும் கூலிப் பயணத்தை 1938இல் இந்திய அரசு தடை செய்தது. கேமரன் மலையில் ரஸ்ஸல் என்பவர் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். காட்டை அழித்துத் தோட்டம் போட அவர்களிடம் இருந்தவை கோவேறு கழுதைகளும் ஒரே ஒரு நீராவி உருளை எந்திரமும் என்று சொல்வார்கள். மிச்சமெல்லாம் மனிதக் கைகள்.

சரி, இதில் காகித ரோபோ எங்கே வருகிறது? ரோபோ என்ற சொல்லைத் தந்த அதே செக் நாட்டில்தான் காகித மாதிரிக் கலையும் பிள்ளைகளிடம் வேரூன்றியது. 1957இல் தொடங்கிய 'ஏபிசி' என்ற சிறுவர் இதழ், வெட்டி ஒட்டும் மாதிரிகளைத் தன் பக்கங்களிலேயே அச்சிட்டுக் கொடுத்தது. அதே ஆண்டில் போலந்திலும் இப்படி ஓர் இதழ் வந்தது. விலை உயர்ந்த பொம்மை வாங்க வழியில்லாத வீட்டுக்கும் காகிதம் எட்டியது. இதன் கணக்கு இன்னும் பழையது. கன வடிவங்களை விரித்துத் தட்டையாக வரைந்து காட்டும் முறையை 1525இலேயே ஜெர்மானிய ஓவியர் டியூரர் அச்சில் கொடுத்துவிட்டார். இன்று அந்த வேலையை ஜப்பானியரின் 'பெபாகுரா' மென்பொருள் செய்கிறது.

ரோபோ கருவிப் பெட்டி ஒன்று வாங்க நூற்றுக்கணக்கில் ரிங்கிட் வேண்டும். காகித ரோபோவுக்குத் தடித்த தாள், கத்தரிக்கோல், பசை, தீர்ந்துபோன பேனா ஒன்று, இவை போதும். பேனா எதற்கு? மடிப்புக் கோட்டில் அழுத்திக் கீறத்தான். கீறாமல் மடித்தால் விளிம்பு கோணும். தாளுக்கு இழையோட்டம் உண்டு. கை, கால்களுக்கான குழாய்களை அந்த ஓட்டத்தின் நீளத்திலேயே சுருட்ட வேண்டும்; குறுக்கே சுருட்டினால் தாள் உடையும். முழங்காலில் இரண்டு வட்டங்களுக்கு நடுவே இறுகச் சுருட்டிய தாளை அச்சாகச் செருகினால் கால் மடங்கும். பாதத்துக்குள் இரண்டு நாணயங்களை வைத்தால் ரோபோ சாயாமல் நிற்கும். கேமரன் மலையின் ஈரக்காற்றில் தாள் விரைவில் நமத்துப்போகும் என்பதால் பசையைத் தொட்டுத் தொட்டுத்தான் வைக்க வேண்டும்.

உடலும் தலையும் ஒரே நாளில் முடிந்துவிடும். ஆளைப் பாடாய்ப் படுத்துவது உள்ளங்கை. விரலுக்கு மூன்று கணு, கட்டைவிரலுக்கு இரண்டு. ஆக ஒரு கைக்குப் பதினான்கு துண்டுகள், இரண்டு கைக்கு இருபத்தெட்டு. ஒவ்வொன்றும் நகத்தளவு. பொறியாளர்களுக்கும் தலைவலி இந்த இடம்தான். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளுவது விரல். வெட்டும் எந்திரம் முற்றிய இலையையும் சேர்த்து அள்ளும். இருவர் இருபுறமும் பிடித்து நடக்கும் அந்த எந்திரம் இன்று கேமரன் மலையிலும் ஓடுகிறது. செங்குத்தான சரிவில் அதைக் கொண்டுபோக முடியாது; அங்கே இன்னமும் கைதான். ஆனால் அந்தக் கைகளில் பல இன்று வெளிநாட்டிலிருந்து வந்தவை. தமிழ்க் குடும்பங்களில் பெரும்பகுதி மலையை விட்டு இறங்கிவிட்டன.

சாப்பெக்கின் நாடகத்திலும் ஒரு காகிதம் உண்டு. ரோபோ செய்யும் ரகசியம் எழுதிய பழைய கையெழுத்துப் பிரதி அது. ஹெலெனா என்ற பெண் அதை நெருப்பில் போட்டுவிடுகிறாள். ரோபோக்கள் கலகம் செய்து மனிதர்களைக் கொன்று குவிக்கின்றன; பிறகு தங்கள் இனத்தைப் பெருக்க வழி தெரியாமல் நிற்கின்றன. அவை கொல்லாமல் விட்டது ஒரே ஒருவரை, கட்டடக்காரர் அல்குவிஸ்ட்டை. காரணமும் சொல்கின்றன: தங்களைப் போலவே கைகளால் வேலை செய்பவர் அவர் ஒருவர்தானாம்.