செட் (ஆங்கிலச் சொல்)

செட் என்பது ஆங்கில மொழியில் அன்றாடம் வழங்கும் மூன்றெழுத்துச் சொல் ஆகும். வினைச்சொல், பெயர்ச்சொல், பெயரடை ஆகிய மூன்றாகவும் பயன்படும் இச்சொல், ஆங்கிலத்தில் மிகப் பல பொருள்களைக் கொண்ட சொற்களுள் ஒன்று. 1989 இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு இச்சொல்லுக்கே உரியது. ஏறத்தாழ 60,000 சொற்களில் 430 பொருள்கள் அங்கு விளக்கப்பட்டிருந்தன. கல்லூரி ஆசிரியர் பணிக்கான மாநிலத் தகுதித் தேர்வும் செட் என்று அழைக்கப்படுகிறது. அது முதலெழுத்துச் சுருக்கமே அன்றி இச்சொல் அன்று.

சொற்பிறப்பு

வினைச்சொல்லான செட், பழைய ஆங்கிலத்தின் 'செட்டன்' என்ற வினையிலிருந்து வந்தது. உட்கார் எனப் பொருள்படும் 'சிட்' என்பதன் பிறவினை வடிவம் இது. தமிழில் அமர் என்பதற்கு அமர்த்து, இரு என்பதற்கு இருத்து என அமைவது போன்ற உறவே இவ்விரண்டிற்கும் உள்ளது. எனவே 'ஓரிடத்தில் இருக்கச் செய்' என்பதே அடிப்படைப் பொருள்.

குழு, தொகுதி என்னும் பொருளில் வரும் பெயர்ச்சொல்லின் மூலம் வேறு. அது 'பின்பற்றுவோர் கூட்டம்' எனப் பொருள்படும் 'செக்டா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. சமயப் பிரிவைக் குறிக்கும் 'செக்ட்' என்ற சொல்லும் இதே மூலத்தினது. தோற்றத்தில் வேறான இரு சொற்கள் ஒலியால் ஒன்றாகி, பின்னர் பொருளாலும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. இப்பொருட்பெருக்கத்திற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வினை இறந்த காலத்திலும் வடிவம் மாறுவதில்லை. 'அவர்கள் மேசையில் உணவுக்கலங்களை அடுக்குகிறார்கள்', 'அடுக்கினார்கள்' ஆகிய இரண்டிற்கும் ஆங்கிலத்தில் ஒரே தொடர் பொருந்தும்.

வினைப் பொருள்கள்

ஞாயிறு மறைதல், பால் தயிராக உறைதல், முறிந்த எலும்பைப் பொருத்துதல், கடிகாரத்தில் நேரம் அமைத்தல், பொறி வைத்தல், அச்சுக் கோத்தல், வினாத்தாள் அமைத்தல், மோதிரத்தில் கல் பதித்தல் ஆகிய அனைத்தும் ஆங்கிலத்தில் செட் என்னும் ஒரே வினையால் கூறப்படுகின்றன. தமிழில் ஒவ்வொன்றிற்கும் தனி வினை உண்டு. ஆதலால் இச்சொல்லைத் தனியே நிறுத்தி மொழிபெயர்க்க இயலாது; அருகிலுள்ள சொல்லைப் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும்.

கட்டுமானத் துறையில் சிமெண்டு செட் ஆவது இறுகுதலைக் குறிக்கும். அது வலுப்பெறுதல் அன்று. இந்தியத் தர நிர்ணயத்தின்படி சாதாரண போர்ட்லாந்து சிமெண்டின் தொடக்க இறுகல் நேரம் 30 நிமிடங்களுக்குக் குறையாமலும், இறுதி இறுகல் நேரம் 600 நிமிடங்களுக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். வலுப்பெறுதலோ நீரூட்டலுடன் பல நாட்கள் தொடரும் நிகழ்வு. இரண்டையும் ஒன்றாகக் கொண்டு மறுநாளே முட்டுக்களைப் பிரித்தால் தளம் தாங்காது.

சட்டத் துறையில்

வினையோடு சிறு சொற்கள் சேரும்போது பொருள் முற்றிலும் மாறுகிறது. 'செட் அசைடு' என்பது பணத்தைப் பற்றி வந்தால் ஒதுக்கி வைத்தல். நீதிமன்ற ஆணையைப் பற்றி வந்தால் அதனை நீக்குதல், அதாவது இரத்துச் செய்தல். 'கீழமை நீதிமன்றத் தீர்ப்பு ஒதுக்கி வைக்கப்பட்டது' என மொழிபெயர்த்தால், தீர்ப்புச் சொல்வது ஒத்திவைக்கப்பட்டதாகப் படிப்பவர் எண்ணக்கூடும். இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9 ஆவது கட்டளை, 13 ஆவது விதியின்படி, எதிர்வாதி வராத நிலையில் ஒருதலையாகப் பிறப்பிக்கப்பட்ட தீர்ப்பாணையை இவ்வாறு நீக்கக் கோரலாம். அதற்குரிய காலவரம்பு 30 நாட்களே. அழைப்பாணை முறையாகச் சார்வு செய்யப்படாதிருந்தால், தீர்ப்பாணை பற்றி அறிந்த நாளிலிருந்து அது கணக்கிடப்படும். சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டு காத்திருப்பவருக்கு இக்காலம் கடந்துவிடும்.

'செட் ஆஃப்' என்பதற்குப் புறப்படுதல், வெடி கொளுத்துதல் ஆகிய பொருள்கள் உண்டு. சட்டத்தில் அது ஈடுசெய்து கழித்தலாகும். 1973 ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 428, விசாரணைக் கைதியாகச் சிறையில் கழித்த நாட்களைத் தண்டனைக் காலத்திலிருந்து கழித்துக்கொள்ள வகை செய்தது. எட்டு மாதம் விசாரணைச் சிறையில் இருந்த ஒருவருக்கு அதே வழக்கில் இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தால், எஞ்சுவது பதினாறு மாதங்களே. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதாவிலும் இவ்வேற்பாடு தொடர்கிறது.

கணிதத்தில்

செருமானியக் கணிதவியலாளர் கியோர்கு கேண்டர் 1874 இல் வெளியிட்ட கட்டுரை கணக் கோட்பாட்டின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. செருமன் மொழியில் 'மெங்கெ' எனப்பட்ட கருத்தையே ஆங்கிலம் செட் என்கிறது. பொதுவழக்கில் குழு, கூட்டம், தொகுதி என எச்சொல்லையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகப் பயன்படுத்தலாம். கணிதத்தில் அவ்வாறு இயலாது. செட் வேறு, குரூப் வேறு.

தமிழகப் பாடநூல்கள் செட் என்பதைக் கணம் என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் தொடை என்கின்றன. தொடு என்னும் வினையடியாகப் பிறந்த தொடை, தொடுத்தது என்ற பொருளில் பழுதற்ற சொல்லே. யாப்பிலும் எதுகை, மோனை முதலியன தொடை எனப்படுகின்றன. ஆயினும் தமிழக மாணவருக்கு முதலில் உடலுறுப்பே நினைவிற்கு வரும். கணம் என்பதும் நொடிப்பொழுது, கூட்டம் என இரு பொருள்பட நிற்கும் சொல்தான். ஒரே பாடத்தை இரு நாட்டு மாணவரும் படிக்க வேண்டுமாயின் இரு சொற்களையும் சேர்த்துத் தருவதே தக்கது.

விளையாட்டில்

டென்னிசில் செட் என்பது ஆட்டத்தின் ஒரு பகுதி. 2010 விம்பிள்டன் போட்டியில் சான் இசுனர், நிக்கோலா மாகு இருவரும் ஆடிய ஐந்தாவது செட் 70-68 என முடிந்தது. அவ்வாட்டம் மூன்று நாட்களில் 11 மணி 5 நிமிடம் நீடித்தது.

தமிழ் வழக்கில்

பம்பு செட், மைக் செட், நகை செட், திரைப்பட அரங்கமைப்பைக் குறிக்கும் செட், இரண்டு மூன்றாகப் பரிமாறப்படும் செட் தோசை எனத் தமிழிலும் இச்சொல் பரவியுள்ளது. 'எங்கள் செட்டு' என்பது ஒத்த வயதுத் தோழரைக் குறிக்கும். 'செட் ஆகாது' என்பது பொருந்தாது என்ற பொருளில் பேச்சில் வழங்குகிறது. ஆங்கிலேயருக்கு இப்பயன்பாடு விளங்காது. 'கட்டும் செட்டுமாக' என்ற தொடரிலுள்ள செட்டு, சிக்கனத்தைக் குறிக்கும் தமிழ்ச்சொல். அதற்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் தொடர்பில்லை.

முதலிடம் இழப்பு

ஆக்சுபோர்டு அகராதியின் மூன்றாம் பதிப்பிற்கான திருத்தப் பணியில் 2000 இல் 'மேக்', 2007 இல் 'புட்', 2011 இல் 'ரன்' ஆகிய வினைகள் அடுத்தடுத்து மிக நீண்ட பதிவுகளாயின. ரன் என்னும் வினைக்கு மட்டும் 645 பொருள்கள் கண்டறியப்பட்டன. எனினும் பல வினாடி வினா நூல்களில் செட் என்பதே விடையாக இன்றும் அச்சாகி வருகிறது.